பதினொரு படிகள்

சவூதியின் அல் கோபாரில், முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு மேடத்துக்கு நான் வீட்டு நர்ஸ். பரிசோதனைக்காக ஜெர்மனி போனபோது, ரைன் நதியில் படகுப் பயணத்துக்கு என்னையும் அழைத்துப் போனார்.

கரையில் கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும் மெல்ல நகர்ந்தன. மேல்தளத்துக்குப் போக வேண்டும் என்றார் மேடம். சக்கர நாற்காலி அங்கே ஏறாது.

"மாஃபி, வேண்டாம் மேடம்!" என்றேன். பதற்றத்தில் ஊர்ப்பேச்சும் வந்துவிட்டது. "விழுந்தா நானில்லா பதில் சொல்லணும்!"

"கலாஸ், போதும்!" என்று எழுந்தவர், கம்பியைப் பிடித்து, நின்று நின்று பதினொரு படியும் ஏறிவிட்டார்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தினமும் நடக்கவைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நாற்காலியில் தள்ளினால் வேலை சீக்கிரம் முடியுமென்று, ஆறு மாதமாக நடக்கவிடாதவள் நான்தான்.

கோபார் திரும்பியதும் நாற்காலியை மடித்து வைத்தேன். தினமும் நடக்கிறோம். இத்தனை நாள் ஏன் நடக்கவைக்கவில்லை என்று மேடம் இன்னும் கேட்கவில்லை. கேட்கும் நாளில் பொய் சொல்ல மாட்டேன்.