துணிக்கு அடியில் இருந்த சிவப்பு

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசி மழையில், முன்பு பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரின் உப்பளம் பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சுவர் ஊறிவிட்டது. அதில் மாட்டியிருந்த லட்சுமி படத்துக்குள் தண்ணீர் இறங்கி, கண்ணாடியின் உட்புறம் பூஞ்சை பிடித்தது. சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது.

அது என் மனைவி கல்யாணத்தின்போது கொண்டுவந்த படம். சாமி படத்துக்கு நிஜத் துணியை ஒட்டி, ஜரிகையும் ஜிகினாவும் வைத்து அலங்கரிப்பது அந்தக் காலத்தில் பல வீடுகளில் வழக்கம். என் மாமியாரும், இவள் பிறப்பதற்கு முன்பே, கஞ்சிப் பசை தடவிப் பச்சைத் துணியில் புடவை ஒட்டியிருந்தார். முகமும் கைகளும் பாதங்களும்தான் வெளியே தெரியும். என் மனைவி தினமும் அந்த முகத்தோடு பேசுவாள். என் காய்ச்சல், மில்லில் எனக்கு மாறிய ஷிப்டு, அரிசியில் விழுந்த வண்டு எல்லாம் அங்கே போய்ச் சேரும்.

“புதுசு மாதிரி பண்ணித் தரச் சொல்லுங்க. வாயத் தொறந்து சொல்லணும், நின்னுட்டு வந்துடாதீங்க” என்று சொல்லி அனுப்பினாள். நான் கூச்சக்காரன். டீயில் சர்க்கரை போதவில்லை என்றுகூடச் சொன்னதில்லை.

மாதா கோயில் பக்கம் பிரேம் கடை வைத்திருந்தவர் கிறிஸ்தவர். லட்சுமியை மேசைமேல் கிடத்தியதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஆணியைப் பிடுங்கிக் கண்ணாடியை எடுத்தார். துணி மக்கிப்போயிருந்தது. பசை ஓரங்களில் மட்டும்தான் இருந்தது. ஈரத்தில் அதுவும் இளகியிருந்ததால், தகட்டுக் கத்தி நுழைந்ததும் துணி தானாகவே கழன்று வந்தது.

அடியில், படத்திலேயே இருந்த புடவை சிவப்பு.

நேற்று அச்சடித்தது போன்ற சிவப்பு. நாற்பது வருஷத்துக்கு மேல் வெளிச்சம் படாத சிவப்பு. முந்தானையில் மடிப்புக்கு மடிப்பு நிழல். கரையில் வரிசையாக அன்னங்கள், ஒவ்வொன்றுக்கும் கண். கடைக்காரர் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். குனிந்து பார்த்தேன். அங்கே புடவை இல்லை. நூலும் இல்லை. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் மட்டும்தான். கண்ணாடியை எடுத்தால் பட்டு, வைத்தால் புள்ளி. இருபது வருஷம் தறியில் நின்றவன் நான். நூல் இல்லாமல் ஒருவன் துணி நெய்திருக்கிறான் என்பதை நம்பமுடியாமல் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

“அண்ணே, இது ஜெர்மன்ல அடிச்ச படம். இதத் தேடிக்கினு வெள்ளைக்காரங்க நம்ம கடைக்கு வர்றாங்க” என்றார் கடைக்காரர். “ஆனா மூஞ்சியப் பாருங்க.”

பார்த்தேன். விளக்குப் புகையிலும் வெயிலிலும் இருந்த முகம் வெளுத்து, காவியேறி, புருவம் பாதி மறைந்திருந்தது. அந்தச் சிவப்புக்கு மேலே அது வேறு யாருடைய முகமோபோல் இருந்தது.

“மூஞ்சிய மட்டும் தீட்டிடறேன். தெரியவே தெரியாது” என்று சொல்லி, ஒரு சிப்பியில் வர்ணம் குழைத்தார். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார். புருவத்தை நோக்கி அவர் கை இறங்கியது.

புதிதாய் வரைந்த முகத்திடம் என் மனைவி காலையில் போய் என்ன பேசுவாள்?

“வேணாம்.”

“என்னது?”

“மூஞ்சி வேணாம்ணே. அப்படியே இருக்கட்டும்.”

“அட முசியே, உங்களுக்கு வாய்கூட இருக்கா! ஒடம்பு கல்யாணப் பொண்ணு, மூஞ்சி காய்ச்சக்காரின்னு இருக்குமே” என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். “உங்க வீட்டம்மா என்னைத்தான் திட்டுவாங்க.”

“நான் சொல்லிக்கறேன்.”

பூஞ்சையை மட்டும் உலர்ந்த தூரிகையால் துடைத்தார். சுவர் ஈரம் மறுபடி ஏறாமல் இருக்க, புதுச் சட்டத்தின் பின்னால் தக்கைத் துண்டுகளை ஒட்டினார். கழன்ற துணியைக் காகிதத்தில் மடித்துத் தந்தார்.

வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். வீட்டில் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. அவள் முந்தானையைப் பார்த்தாள், அன்னங்களைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை. படத்தின் முன் மெல்ல உட்கார்ந்தாள்.

“எங்கம்மா பாத்துட்டுத்தானடி மூடினாங்க?” என்று லட்சுமியிடம்தான் கேட்டாள். “இம்மாம் நல்ல பொடவையவா இத்தினி வருசமா உள்ள கட்டிக்கினு இருந்த?”