ஆனி மாதத்துக்கு ஒரு சாமி

“பாப்பா, ஆனி மாசத்துல மாலை போடுற மாதிரி ஏதாவது சாமி இருக்கான்னு உன் போன்ல பாரு” என்றார் வீரமலை.

இளவேனில் தேடிப் பார்த்தாள். “இல்லை சித்தப்பா.”

“நல்லாப் பாரு. ஆந்திராப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை.”

“சாமி கிடைக்கலை. ஆனா உறையூர்ல ஒரு குழு இருக்கு. குடியை விட்டவங்க சனிக்கிழமை சாயங்காலம் கூடிப் பேசுறாங்களாம்.”

“மாலை என்ன கலரு?”

“மாலையே கிடையாது.”

“அப்ப எதைக் கழட்டுறது?”

“கழட்ட ஒண்ணுமில்லை. வாராவாரம் போறதுதான்.”

வீரமலையின் முகம் வெளுத்தது. “கழட்டவே முடியாதா?”

பொன்மலைக் குடியிருப்பில் நடந்த அந்தப் பேச்சு இளவேனிலுக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. ரயில்வே பணிமனையில் ஃபிட்டரான வீரமலைக்குக் குடியில் நிதானம் கிடையாது; ஆனால் சாமி பயம் உண்டு. கழுத்தில் மாலை ஏறிவிட்டால் சாராயக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். கழற்றிய அன்றுதான் சனி பிடிக்கும். ஒரு வருஷம் மாலையைக் கழற்றிய கையோடு குடித்துவிட்டு, இருமுடிப் பையைத் தலைக்கு வைத்து பஸ் ஸ்டாண்டிலேயே தூங்கினார்.

அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு மாலையைக் கழற்றும்போதே அடுத்ததைப் போட்டுக்கொள்வது. கார்த்திகையில் ஐயப்பனுக்குக் கறுப்பு. தையில் பழனிக்குப் பச்சை. பங்குனியில் சமயபுரத்துக்கு மஞ்சள். ஆடியில் மேல்மருவத்தூருக்குச் சிவப்பு. ஆவணியில் வேளாங்கண்ணிக்குக் காவி. மாதாவும் ஆத்தாதானே என்பார். மிச்ச மாதங்களையும் ஏதாவது விரதம் வைத்து அடைத்துவிடுவார். அந்த வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்தால் தேர்தல் கூட்டணி மாதிரி இருக்கும்.

மாலை போட்டவரைத் திட்டக் கூடாது என்பதால் அவர் மனைவி ஆனந்தவள்ளி மரியாதை குறையாமல் திட்டப் பழகிக்கொண்டார். “சாமி, உங்களுக்கு அறிவிருக்கா சாமி? சிலிண்டர் புக் பண்ணச் சொன்னேனே சாமி!”

ஆனி மாதம் மட்டும் ஓட்டை. அந்த மாதம் எந்தச் சாமியும் ஆள் எடுப்பதில்லை. போன ஆனியில் வீரமலை மூன்று நாள் வீடு திரும்பவில்லை. இந்த ஆனி பிறந்ததும் ஆனந்தவள்ளி துணிப்பையைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தார். “இந்தத் தடவை குடிச்சிட்டு வந்தீங்கன்னா துறையூருக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்.” அதில் ஒரு ‘சாமி’கூட இல்லை. வீரமலை பயந்தது அதற்குத்தான்.

சனிக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து இளவேனில் ஸ்கூட்டரில் வந்தாள். அவள் குரல் கண்டக்டருக்கே எட்டாது. பஸ்ஸில் போனால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள். சித்தப்பா வாசலில் கழுத்தில் ஐந்து மாலைகளோடு நின்றார். துளசி, ருத்திராட்சம், ஸ்படிகம், பவளம், கடைசியாக ஒரு ஜெபமாலை.

“யாரு டூட்டின்னு தெரியலை பாப்பா. அதான் எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டேன்.”

ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூட்டம். குழுவை நடத்தும் ஜெகபர் சாதிக், பஞ்சர் கடை வைத்திருப்பவர், இருவரையும் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

“உங்க பேரு?”

“சாமி.”

“வீட்ல வச்ச பேரு?”

கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். “வீரமலை.”

“வாங்க வீரமலை” என்றது அறை முழுவதும். அவர் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

முசிறி வாழைக்காய் வியாபாரி நல்லுசாமி முதலில் பேசினார். “எனக்கு மாலை இல்லீங்க, கயிறு. கோயில் கோயிலாக் கட்டி, கையில இடமில்லாம கால்லயும் கட்டினேன். கடைசியில செருப்புதான் போட முடியலை. குடிக்க முடிஞ்சுது.”

“நமக்கு நோன்பு” என்றார் ஜெகபர். “மாசம் பூரா தங்கம். பெருநாள் பிரியாணி ஆறதுக்குள்ள ஆளைக் காணோம்.”

வீரமலையின் முறை வந்தது. எழுந்தார். பழக்கத்தில், “சாமியே…” என்று ஆரம்பித்துவிட்டார்.

“சரணம் ஐயப்பா!” என்றது அறை, ஜெகபர் உட்பட. கீழ்த்தளத்தில் இயற்பியல் பாடம் நின்றுபோனது.

எல்லோரும் சிரித்தார்கள். வீரமலையும் சிரித்தார். பிறகு, “போன ஆனியில அவ மூணு நாள் என்னைத் தேடினா. நான் ரெண்டு தெரு தள்ளித்தான் கிடந்தேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் சரணம் சொல்லவில்லை. நல்லுசாமி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவர் பக்கத்தில் வந்தார்.

படியிறங்கும்போது வீரமலை கேட்டார்: “எத்தனை வாரம் வரணும் பாய்?”

“அடுத்த வாரம்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கு அடுத்த வாரம்.”

“மாலை?”

“போட்டுக்கிட்டும் வாங்க, போடாமலும் வாங்க. நீங்க வரணும், அவ்வளவுதான்.”

பொன்மலையில் அவர் தெரு முனைக்கு வந்ததும் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னார். முனையில் சாராயக் கடை. மறுகோடியில், விளக்கெரியும் அவர் வீடு. மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து இளவேனிலிடம் கொடுத்தார். ஆடியில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வெறும் கழுத்தை இரண்டு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

“பாப்பா, ஒண்ணு கேக்கட்டா? நான் வீட்டுக்குள்ள போற வரைக்கும் இங்கேயே நில்லு. கால் இந்தப் பக்கம் திரும்புச்சுன்னா ‘சாமி’ன்னு கூப்பிடு. கழுத்துல ஒண்ணும் இல்லையேன்னு பாக்காத. நல்லாச் சத்தமாக் கூப்பிடணும், கடைக்குள்ள இருக்கிறவனுக்கெல்லாம் கேக்கிற மாதிரி.”