புகையில்லாத கப்பலும் அத்திபெலே ஊதுவத்தியும்

கடலே இல்லாத பெங்களூரில் கப்பல் கம்பெனி வேலை பார்ப்பவளுக்குத்தான் தெரியும், தண்ணீர் இல்லாமலும் மூழ்கலாம் என்று. போனில் திட்டு வாங்கிச் சம்பளம் வாங்குபவர்களே, நானும் உங்கள் கட்சிதான்: அல்சூர் கிளை, புக்கிங் பிரிவு, பத்தொன்பது வருடம்.

போர்டில் புகை

எங்கள் கம்பெனி முப்பாட்டன் காலத்தது. அதன் சின்னமே கரும்புகை கக்கும் கப்பல். சுத்தமான எரிபொருள், காற்றின் தள்ளலைப் பிடிக்க மேல்தளத்தில் சுழலும் தூண்கள் என்று தலைமை அலுவலகம் மாறத் தொடங்கியதும், எங்களுக்கு வந்த முதல் உத்தரவு போர்டில் இருக்கும் புகையை அழிக்கச் சொல்லித்தான். கப்பல் மாறும் முன் போர்டு மாறுவதுதானே உலக வழக்கம்.

பெயிண்டர் ஏழுமலை ஏணியில் ஏறி, புகையின் மேல் நீலம் அடித்தார். இறங்கித் தள்ளி நின்று பார்த்தார். முகம் சரியில்லை. “அழிச்சிட்டேன் மேடம். ஆனா இப்போ கப்பல் பிரேக்டவுன் ஆகி நிக்கிற மாதிரி இருக்கு.”

காற்று வாங்கும் கப்பல்

அவர் வாய் முகூர்த்தம், அடுத்த மாதமே கப்பல்களின் வேகத்தைக் குறைத்தார்கள். மெதுவாகப் போனால் எரிபொருளும் புகையும் குறையும். சரக்கு நாலு நாள் தாமதமாகப் போய்ச் சேரும். இதை பெங்களூரை ஒட்டிய அத்திபெலேயின் முனிரத்தினம் சாரிடம் சொல்ல வேண்டியவள் நான். ஊதுவத்தி ஏற்றுமதி செய்பவர். எங்கள் கிளையின் சரக்கில் பாதி அவருடையது. அவர் விலகினால் கிளையைச் சென்னையோடு சேர்த்துவிடுவார்கள். மகள் பத்தாம் வகுப்பு, கணவருக்கு வேலை இங்கே.

மேனேஜர், “கன்டெய்னர் கப்பல்ல ஏறட்டும், அப்புறம் சொல்லுங்க” என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் சொல்லும் தேதியை நம்பித்தான் முனிரத்தினம் சார் வெளிநாட்டில் வாக்குக் கொடுக்கிறார். புக்கிங் போடும் முன்பே போன் செய்து, தாமதத்தையும் சுழலும் தூண்களையும் சொல்லிவிட்டேன். அவர் சொன்னார்: “நான் புகையை வித்துப் பொழைக்கிறேன் ஸ்டெல்லாம்மா. நீங்க புகையே வேணாங்கறீங்க. சரக்கு ஏத்திட்டுப் போகச் சொன்னா உங்க கப்பல் காத்து வாங்கப் போகுதா?”

மூன்று வாரம்

அந்தச் சரக்கை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் செல்போனில் சென்னை வாடகை வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார். “எனக்கும் சேர்த்து ஒண்ணு பாருங்க மேடம்.”

ஊதுவத்தி வாசம்

மூன்று வாரம் கழித்து முனிரத்தினம் சாரே டிராஃபிக்கில் நீந்தி ஆபீசுக்கு வந்தார். வேகமாகப் போகும் என்று அந்தக் கம்பெனி சொன்ன கப்பல் வராமல், அவர் கன்டெய்னர் துறைமுகத்திலேயே கிடந்ததாம். “டெய்லி போன் பண்ணா நாளைக்கு, நாளைக்குன்னே சொன்னாங்க. லேட்டாகும்னு முன்கூட்டியே சொன்னது நீங்க ஒருத்தர்தாம்மா. புக்கிங் போடுங்க” என்றார்.

நன்றி சொல்ல வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது. அந்த மனிதருக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்பது அவருக்கே தெரியாது. பதறிப்போய், பையிலிருந்து ஒரு ஊதுவத்திப் பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தார். “அழாதீங்கம்மா, இதை ஆபீஸ்ல ஏத்துங்க. இல்ல, இந்தப் புகைக்கும் உங்க ஹெட் ஆபீஸ் தடை போட்டிருக்கா?”

கம்பெனி புகையை விட்டுவிட்டது. நானும் என் குடும்பமும் இன்னும் அல்சூரில் இருப்பது என்னவோ அந்தப் புகையின் புண்ணியத்தில்தான்.