ஐந்நூறு சிசிக்குள் என் மகள்

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது வீட்டுக்காரர் நவம்பர் பிறந்ததும் தன் பைக்கைத் தூங்கவைப்பார். கழுவித் துடைத்து, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போய், வண்டிக்கென்றே தைத்த போர்வையைப் போர்த்திவிடுவார். ஏப்ரல் வரைக்கும் அது எழாது. கடல் கடந்து இந்தக் குளிர் ஊர் மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். தூத்துக்குடியில் என் வண்டி ஒருநாள்கூட ஓய்ந்து நின்றதில்லை. காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, பிரசவத்துக்குப் போன தங்கை, எல்லாம் அதில்தான் போயின. இங்கே பைக் என்பது வெயில் காலத்து விளையாட்டுச் சாமான். அது நம் வீட்டுக்குள் வராதவரை எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

வந்தது. போன வசந்தத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மகள் நிவேதா, "அப்பா, ஐ வான்ட் டு கெட் அ மோட்டார்சைக்கிள்" என்றாள். பத்தொன்பது வயது. இங்கேயே பிறந்தவள். நாங்கள் தமிழில் பேசினால் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். என் மனைவி ஷீலா ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி நர்ஸ். கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "அங்க நான் தெனம் பாக்குறது பத்தாதுன்னு வீட்டுக்கே கொண்டு வாரியளா? எல்லாம் நீங்க அளந்த கதைதான்" என்றாள். உண்மைதான். கல்லூரிக் காலத்தில் மூன்று பேராக வண்டியில் போனதையும், ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு திருச்செந்தூர் சாலையில் பறந்ததையும் வீர வரலாறாகச் சொல்லி வளர்த்தவன் நான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அன்று ஓட்டியபோது வராத பயமெல்லாம் மொத்தமாகச் சேர்ந்து இப்போது வந்தது.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு என் அனுமதி தேவையில்லை, சட்டப்படி அவள் பெரிய மனுஷி. சரி, தடுக்க முடியாவிட்டால் வேகத்தையாவது குறைப்போம் என்று மாநில அரசின் லைசென்ஸ் கையேட்டை எடுத்து வரி விடாமல் படித்தேன். கல்லூரியில்கூட நான் அப்படிப் படித்ததில்லை. அதில் கிடைத்தது எனக்கு வேண்டிய வரி. இருநூற்றுச் சொச்சம் சிசிக்குக் குறைந்த சின்ன வண்டியில் டெஸ்ட் கொடுத்துத் தேறினால், ஐந்நூறு சிசிக்கு உட்பட்ட வண்டிகளைத்தான் ஓட்டலாம், லைசென்ஸிலேயே அப்படிப் போட்டுவிடுவார்கள். மாதாவே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நான் போட முடியாத கடிவாளத்தை அரசாங்கமே போடுகிறது! நிவேதாவிடம் சொன்னேன், சின்ன வண்டி என்றால் நானும் கூடவே பயிற்சி பர்மிட் எடுக்கிறேன், சொல்லித் தருகிறேன் என்று. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஃபைன்" என்றாள்.

முதலில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். விற்பனையாளர் இவளை ஆயிரம் சிசி வண்டி ஒன்றில் ஏற்றி உட்காரவைத்தார். கால் தரையில் படுகிறதா என்று மட்டும் பார்த்தார். ஓட்டத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அடப்பாவி. நான் அவசரமாக மூலையில் நின்ற சின்ன வண்டியைக் காட்டி, ஊர் வழக்கத்தில், "இது எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்டேன். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். அவர் வருத்தத்தோடு குதிரைத்திறனைச் சொல்லி, ஒரே மாதத்தில் உங்கள் மகளுக்கு இது அலுத்துவிடும் என்றார். அலுக்கட்டும் சாமி, அதைத்தானே நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் பக்கத்து ஊரில் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரரிடம் பழைய இருநூறு சிசி வண்டி கிடைத்தது. பார்க்க சாதுவாக இருந்தது. ஷீலா வேளாங்கண்ணித் தீர்த்தத்தைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்பினாள், டேங்கின்மேல் தெளித்தேன். தபால்காரர் துணியை எடுத்துவந்து அதைத் துடைத்துவிட்டார்.

பர்மிட் கைக்கு வந்திருந்ததால் வீட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. நிவேதா காரில் பின்னால் வருவாள். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு கிளட்சைப் பிடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிடம் எனக்குப் பயமே இல்லை. முழங்கால், விரல், முதுகு எல்லாம் தானாக வேலை செய்தன. மகள் பார்க்கிறாள் என்ற பெருமை வேறு. தெரு முனையில் நின்று, இருபக்கமும் பார்த்து, இடப்பக்கம் திரும்பினேன். ஊரில் இடப்பக்கம் திரும்புவது என்றால் ஓரத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு வளைவு. அப்படியே வளைத்தேன். சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. காற்று முகத்தில் அடித்தது.

பின்னாலிருந்து ஹார்ன் கேட்டது. விடாமல் கேட்டது. இந்த ஊரில் யாரும் ஹார்ன் அடிப்பதில்லை, என் மகள் அடித்து நான் கேட்டதேயில்லை. எனக்குத் தோன்றியது இதுதான்: பிள்ளைக்கு அவசரம், முந்த வேண்டும்போல. தூத்துக்குடியில் லாரிக்காரனுக்கு வழிவிடுவதுபோல் வண்டியை இன்னும் இடப்பக்கம் ஒதுக்கி, வலது கையைத் தூக்கி, போ போ என்று ஆட்டினேன்.

வளைவில் எதிரே பிக்கப் டிரக் ஒன்று நேராக என்னைப் பார்த்து வந்தது. அது ஏன் தப்பான பக்கத்தில் வருகிறது என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. பிரேக்கைப் பிடித்தேனா, வண்டியைச் சாய்த்தேனா, தெரியாது. புல்லில் கிடந்தேன். எழுந்தபோது டிரக்குக்காரர் என் முகத்துக்கு அருகே குனிந்து, ஏதாவது குடித்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தண்ணீர் தரப்போகிறார் என்று நினைத்து, "நோ, தேங்க்ஸ், ஆஃப்டர் சம்டைம்" என்றேன். அவர் என்னையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

நிவேதா ஓடிவந்தாள். "யூ வேவ்ட் அட் மீ, அப்பா! ஐ வாஸ் ஸ்க்ரீமிங் அண்ட் யூ வேவ்ட்!" என்று அழுதாள். இருபத்திரண்டு வருடம் இந்த நாட்டு விதிப்படி காரில் வலப்பக்கம்தான் போகிறேன், ஒருநாளும் தவறியதில்லை. கார் நான் இங்கே வந்து கற்றது. பைக் அங்கே கற்றது. ஏறி உட்கார்ந்த மறுநிமிடம் உடம்பு தூத்துக்குடிக்குப் போய்விட்டது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

ஷீலாவிடம் மறைக்க முடியவில்லை, முழங்கைத் தோல் உரிந்து போயிருந்தது. அவளே மருந்து போட்டு முடித்தாள். பிறகு சொன்னாள்: "அவ ஓட்டட்டும். அவளுக்கு இந்த ரோடு மட்டுந்தான் தெரியும். நீங்க தொடக் கூடாது." மகளுக்காக நான் அரசாங்கத்தில் தேடிய கட்டுப்பாடு எனக்கு வீட்டிலேயே கிடைத்தது. அவமானமாக இருந்தது. ஆனால் பயம் மட்டும் குறையவில்லை, அது அவளோடு சேர்ந்து சாலைக்குப் போனது.

அவள் முறையாக வகுப்புக்குப் போனாள். அந்தச் சின்ன வண்டியிலேயே டெஸ்ட் கொடுத்துத் தேறினாள். லைசென்ஸில் அந்த ஐந்நூறு சிசிக் கட்டுப்பாடும் ஏறியது. முதல்முறை தனியாகக் கல்லூரிக்குக் கிளம்பிய காலையில், அவளுக்குத் தெரியாமல் நான் காரில் பின்தொடர்ந்தேன். அவள் தன் தடத்தின் நட்டநடுவில் போனாள். வகுப்பில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்களாம்: ஒதுங்கக் கூடாது, உன் தடம் முழுவதும் உனக்குரியது, நடுவில் நின்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். வலப்புறத் தடத்தில் பெரிய டிரெய்லர் ஒன்று அவளுக்கு இணையாக உறுமிக்கொண்டு வந்தது. அவள் ஒரு விரற்கடை நகரவில்லை. எனக்கு உயிர் போய்விட்டது. சின்ன வண்டி ஓரத்தில்தானே போக வேண்டும்? யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், நம்மால் ஒரு சத்தம் வராமல், இந்த நாட்டில் இத்தனை காலம் நான் அப்படித்தானே போகிறேன்? கண்ணாடி ஏற்றிய காருக்குள், அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தே, "ஓரமாப் போ தாயி, ஓரமாப் போ" என்று கத்தினேன். கத்திக்கொண்டே கையையும் காட்டினேன். என் கை இடப்பக்கம் நீண்டிருந்தது, எதிர் வண்டிகள் வரும் பக்கம். கையை மடக்கிக்கொண்டேன். அவள் நடுவிலேயே போய்க்கொண்டிருந்தாள்.