அண்ணன் வேப்பூரில் இறக்கிவிட்ட நாய்

அப்பா இறந்தபின் அவருடைய சடை நாய் அண்ணனிடம் இருந்தது. பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னவன் அவன்தான். மூன்றாம் மாதம் புனேயில் இருந்த எனக்குப் போன் செய்தான்.

"கேட்டு தொறந்து கெடந்துது. ஓடிப் போச்சு."

அடுத்த முறை ஊருக்கு வரும்போது, விருத்தாசலம் பஸ்ஸுக்காக வேப்பூரில் இறங்கினேன். சாலையோர ஓட்டல் பெஞ்சுக்கு அடியிலிருந்து அழுக்கு மூட்டை போல ஒன்று எழுந்து வந்து என் காலை முகர்ந்தது. பிறகு ஊளையிட்டது. அப்பாவின் நாய்.

ஓட்டல்கார அம்மா சொன்னார்: "வெள்ளக் காருல வந்து ஒருத்தரு எறக்கி வுட்டுட்டுப் போனாருங்க. பின்னாடியே ஓடிட்டு, நொண்டிக்கிட்டுத் திரும்பி வந்துச்சு. பின் லைட்டுல பச்ச டேப்பு ஒட்டியிருந்துது."

அண்ணன் காரில் அந்த டேப்பை ஒட்டியது நான்.

அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. பீங்கான் பட்டறையில் வேலை செய்யும் தோழி வீட்டில் தங்கினேன்.

"ரயில்ல கூட்டிட்டுப் போயேன்டி" என்றாள்.

"ஃப்ளைட்டுல, என் காலடியில வரணும். அவன் பாக்க கெளம்பணும்."

அண்ணன் விமானம் ஏறியதே இல்லை. அந்தக் குறை அவனுக்கு எப்போதும் உண்டு.

விமான நிறுவனம் பையோடு சேர்த்து ஏழு கிலோதான் என்றது. முன் சீட்டுக்கு அடியில் பை நுழைய வேண்டும். உள்ளே நாய் எழுந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் இடம் வேண்டும். மூக்கிலிருந்து வால் அடிவரை அளந்தேன். பிளாஸ்டிக் பெட்டியே இரண்டு கிலோ இருந்ததால் அது ஆகவில்லை. முதலில் வரவழைத்த துணிப்பையின் ஜிப்பை நாய் மூக்காலேயே திறந்துவிட்டது. அதைத் திருப்பி அனுப்பினேன். இரண்டாவது பைக்கு மூன்று பக்கம் வலை, ஜிப்புக்குக் கொக்கி, ஈரம் கசியாத அடித்தட்டு. நாயை உள்ளே விட்டு, பட்டறையில் களிமண் மூட்டை போடும் தராசில் வைத்தோம். ஆறரை காட்டியது. தினமும் அதற்குள்ளேயே சோறு வைத்துப் பழக்கினேன். ஒவ்வொரு நாளும் அண்ணனிடம் என்ன சொல்வேன் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

கிளம்பும் நாள், சென்னைக்குப் போகும் வழியில் வாடகைக் காரை அவன் வாசலில் நிறுத்தச் சொன்னேன். கூடத்தில் பையை வைத்ததும் எட்டு வயது அண்ணன் மகள் ஓடி வந்து வலையில் முகத்தைப் பதித்தாள். அண்ணன் முகம் வெளுத்தது.

"எங்க கெடச்சுது?"

"வேப்பூர்ல. நீ காருல கொண்டுபோயி எறக்கி வுட்ட எடத்துலயே."

குழந்தை அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஓடிப் போச்சுன்னு சொன்னியேப்பா?"

"அத்த, இங்கயே வுட்டுட்டுப் போ அத்த" என்று அவள் பையைக் கட்டிக்கொண்டு அழுதாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவளுக்காக மனம் வலித்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"சின்னப் புள்ள முன்னாடி இதச் சொல்லணுமா?" என்றான் வாசலில்.

"அப்பா கையப் புடிச்சி நீ சொன்னப்ப நானும் முன்னாடிதான் இருந்தேன்."

விமானத்தில் நாய் குறட்டை விட்டுத் தூங்கியது.

இரண்டு மாதமாக மகள் அப்பாவிடம் சரியாகப் பேசுவதில்லை என்று அண்ணி சொல்கிறார். நாயைக் காட்டச் சொல்லி அவள் வீடியோவில் கூப்பிடுவாள், காட்டுவேன். அண்ணன் தலை ஓரத்தில் தெரிந்தால் கேமராவை அணைத்துவிடுகிறேன்.