மூன்றாவது கையெழுத்து

நடுவரின் இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டச் சொல்லி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் அக்கா. இடது கையில் சிவப்புப் பட்டை, வலது கையில் நீலப் பட்டை. சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விடவில்லை. பட்டைக்குள் ஒரு விரலை விட்டு இழுத்து, கழன்று வருமா என்றும் பார்க்கிறார். நடுவர் ஆறடிக்கு மேல் உயரம். நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்க்க வகுப்பில் நிறுத்திவைத்த பிள்ளைபோல நிற்கிறார்.

“என்னக்கா, நாடி பார்க்கறீங்களா?”

“உங்க நாடி எப்படிப் போனா எனக்கென்ன? கலர் மாறாம இருந்தா போதும். நடுவுல முகம் கழுவப் போனீங்கன்னா, திரும்பி வந்து மறுபடியும் கையைக் காட்டணும்.”

“போன வருஷம் வரைக்கும் இதெல்லாம் இல்லையே?”

“போன வருஷம் வரைக்கும் எனக்குப் புத்தி இல்லை. போங்க, போய் விசில் அடிங்க.”

வட்டார உயர்நிலைப் பள்ளிகளின் மல்யுத்தப் போட்டிக்கு இது நாற்பத்தைந்தாம் ஆண்டு. அதில் முப்பத்தொன்பது ஆண்டுகளாகப் புள்ளி எழுதும் மேசையில் உட்கார்ந்திருப்பவர் இவர்தான். பயிற்சியாளர்கள், நடுவர்கள், பையன்கள், அந்தப் பையன்களின் அப்பாக்கள் எல்லாருக்கும் ‘டேபிள் அக்கா’. ஐம்பத்தொன்பது வயதாகிறது. ஒருமுறை யாரோ ஒரு புதுப் பயிற்சியாளர் மரியாதையாக ‘அம்மா’ என்று கூப்பிட்டுவிட்டு, மூன்று நாளும் தம் பள்ளியின் புள்ளித் தாள்களைக் கடைசியாகத்தான் வாங்கிக்கொண்டு போனார் என்கிறார்கள்.

மற்ற நாட்களில் அவர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறார். ஊரில் யாருக்கு எந்த எழுத்து வரை தெரியும் என்பது அவருக்கு அத்துப்படி. நானும் அவரிடம்தான் கண்ணாடி போட்டேன். “மூணாவது வரிக்கு மேல நீங்க ஊகம் பண்றீங்க, பத்திரிகைக்காரரே. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க” என்று முதல் நாளே பிடித்துவிட்டார். கணவர் உள்ளறையில் கண்ணாடி தேய்ப்பவர். போட்டி நடக்கும் மூன்று நாளும் முன்னறையும் அவர் பொறுப்புதான். “அந்த மூணு நாள்ல போட்ட கண்ணாடி கோணலாத் தெரிஞ்சா நான் பொறுப்பில்ல” என்று அக்கா முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லிவைத்துவிடுவார்.

மேசையில் அவருக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. மூன்று பென்சில், ஒரு பேனா, மேசைக்காலில் நூல் போட்டுக் கட்டிய ஒரு பென்சில் சீவி. பென்சில்களின் பின்பக்கம் இருக்கும் ரப்பரைப் பிளேடால் அறுத்து எறிந்துவிடுவார். “ரப்பர் இருந்தா கை சும்மா இருக்காது.” மேட்ச் ஓடும்போது பென்சில், வியர்வை சொட்டினாலும் எழுத்து கரையாது. முடிந்ததும் முடிவைப் பேனாவால் எழுதுவார். எழுதியதில் பிழை இருந்தால் அழிக்கக் கூடாது. கீழே இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியவர் ஒருவர், இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொருவர். இந்த விதியைப் பன்னிரண்டாம் ஆண்டில் கொண்டுவந்தவரே அவர்தான்.

தாள்கள் எல்லாம் கடையின் இரும்பு அலமாரியில், கண்ணாடி வந்த அட்டைப் பெட்டிகளில், ஆண்டுவாரியாக இருக்கின்றன. இந்த ஆண்டு போட்டியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடலாம் என்று குழு முடிவு செய்தபோது, யார் எழுதுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

எழுதத் தொடங்கியதும் ஆள் குஷியாகிவிட்டார். கண் பரிசோதிக்கப் போனவர்களெல்லாம் பாதி வரலாற்றோடு திரும்பினார்கள். முதல் ஆண்டு ஆறே பள்ளி. சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஒதுக்கிவிட்டு, மரத்தூள் அடைத்த சாக்குகளைப் பரப்பி, மேலே லாரித் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். தார்ப்பாய் கிழிந்தால் தோற்றவன் வாயில் மரத்தூள். எடை பார்த்தது பார்சல் நிறுக்கும் தராசில். பதினான்காம் ஆண்டு ஒரு பிரிவில் வென்றவரே கிடையாது, இறுதிக்கு வந்த இரண்டு பேருக்கும் ஒரே நாளில் அம்மை. இருபத்தேழாம் ஆண்டு முதன்முறையாகப் பெண்கள் இறங்கினார்கள். “அந்த வருஷத் தாள்ல ஒரு இடம் நனைஞ்சிருக்கும். வேர்வைன்னு எழுதி வெச்சிருக்கேன்” என்றார். யாருடைய வேர்வை என்று நான் கேட்கவில்லை.

பழைய படம் இருந்தால் அனுப்புங்கள் என்று எல்லாப் பள்ளிக்கும் கடிதம் போட்டிருந்தார். வந்த உறைகளில் ஒன்றில் ஒன்பதாம் ஆண்டுப் படம் ஒன்று இருந்தது. ஐம்பத்தேழு கிலோ இறுதி மேட்ச். கலர்ப் படம், ஃப்ளாஷ் போட்டு எடுத்தது. இரண்டு பையன்கள் தரையில் பின்னிக் கிடக்கிறார்கள், யார் கை யார் கால் என்று தெரியவில்லை. நடுவர் இடது கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டுகிறார். பின்னால் மேசையில், இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். உயர்த்திய அந்த இடது கையில் இருக்கும் பட்டை நீலம்.

கண் பரிசோதிக்கிற லென்ஸ் ஒவ்வொன்றையும் எடுத்து அந்தப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தாராம். நீலம் நீலமாகவேதான் இருந்தது.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் கூடத்தில் வெளிச்சம் குறைவு. மேசையிலிருந்து பார்த்தால் சிவப்பும் நீலமும் ஒரே கறுப்பு. அதனால் அக்கா நிறத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பார். இடது கை எழுந்தால் சிவப்பு உடுப்புப் பையனுக்குப் புள்ளி, வலது கை எழுந்தால் நீல உடுப்புக்கு. பட்டை எப்போதும் அப்படித்தான் இருக்கும். அன்று வரவேண்டிய நடுவர் வராததால், புவியியல் ஆசிரியர் ஒருவர் அந்த வேலையைப் பார்த்தார். இடைவேளையில் பட்டையைக் கழற்றி முகம் கழுவிவிட்டு, மாற்றி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டாம் பாதியில் விழுந்தது அந்த இரண்டு புள்ளி மட்டும்தான். நீலத்துக்குப் போக வேண்டியதை அக்கா சிவப்பில் எழுதினார். ஐந்துக்கு நான்கு என்று நடுவருக்குச் சீட்டு போனது. பழக்கமில்லாத மனிதர் சீட்டைப் படித்து, சிவப்பின் கையைத் தூக்கிவிட்டார். உண்மையில் ஆறுக்கு மூன்று, வென்றவன் நீலம்.

“படத்தையே திருப்பிப் போட்டுப் பிரின்ட் பண்ணிட்டாங்களோன்னு ஒரு ஆசை வந்துச்சு” என்றார் என்னிடம். “அப்படின்னா தப்பிச்சேன். ஆனா டேபிள் மேல இருக்கற அட்டையைப் பாருங்க. ரெண்டாவது பாதின்னு ‘2’ போட்டிருக்கு, நேராத்தான் இருக்கு. நானும் வலது கையிலதான் எழுதறேன்.” சொல்லிவிட்டு வெகுநேரம் தம் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு வரியைத் திருத்துவதோடு போயிருக்கும். அந்தச் சிவப்பு, அக்காவின் சொந்தத் தம்பி.

தம்பி இன்று கடைத்தெருவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பள்ளியின் பெயர் ‘சாம்பியன் டிரைவிங் ஸ்கூல்’. பதக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் நாற்காலிக்கு மேலே தொங்குகிறது. ஊரிலும் அவருக்குப் பெயர் ‘சாம்பியன்’தான். பதினேழு வயதில் ஜெயித்துவிட்டு வந்தபோது அப்பா அவரைத் தோளில் உட்காரவைத்துத் தெரு முழுக்கச் சுற்றி வந்தார். அக்காவும் பின்னாலேயே கைதட்டிக்கொண்டு போனார்.

விஷயத்தை வெளியே சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்பது அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. மேசையில் அக்கா, மெத்தையில் தம்பி, புள்ளி தம்பிக்கு. வேண்டுமென்றே எழுதவில்லை என்று யாரிடம் சத்தியம் செய்வது? முப்பத்தொன்பது ஆண்டுத் தாள்களையும் சந்தேகத்தோடு புரட்டுவார்கள். குழுத் தலைவரே, “அக்கா, அந்தப் புவியியல் சார் போயே பதினஞ்சு வருஷமாச்சு. படத்தை எடுத்து உள்ள வெச்சிருங்க. யாருக்குத் தெரியப்போகுது?” என்றார்.

“எனக்குத் தெரியுதே.”

முதலில் நீலத்தைத் தேடிப் போனார். அவர் இப்போது வெல்டர். போட்டிக்குப் பார்வையாளர் உட்காரும் இரும்புக் காலரி அடித்துக் கொடுப்பதே அவர்தான். ஆண்டுதோறும் மேசைக்குப் பத்தடி தூரத்தில் போல்ட் முடுக்கிக்கொண்டிருப்பவர். பட்டறை வாசலில் நின்றபடியே அக்கா எல்லாவற்றையும் சொல்லி, மன்னிப்பும் கேட்டாராம். “அதுக்கென்னக்கா இப்போ, விடுங்க” என்று முகமூடியை இறக்கிக்கொண்டு பற்றவைக்கப் போனவர், மறுபடி முகமூடியைத் தூக்கி, “அப்போ ஆறுக்கு மூணா?” என்று கேட்டார். “ஆறுக்கு மூணு” என்றார் அக்கா. கையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். “அந்த ரெண்டு புள்ளி எனக்குத்தான்னு அன்னிக்கே சொன்னேன்க்கா. டேபிள்ல எழுதியாச்சுன்னுட்டாங்க. எங்கப்பா வீடு போய்ச் சேர்ற வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை” என்று மட்டும் சொன்னார்.

தம்பி போடவில்லை. அக்கா டிரைவிங் ஸ்கூலுக்கு வந்த அன்று தற்செயலாக நானும் அங்கே இருந்தேன், உரிமத்தைப் புதுப்பிக்கப் போனவன். நடுவில் எழுந்து வரவும் முடியவில்லை.

“நீயே எழுதிட்டு, இப்போ நீயே அழிக்கறியா?”

“அழிக்கலைடா. கோடுதான் போடறேன். உன் பேரு கீழ தெரியும்.”

“வாழ்க்கையில நான் ஜெயிச்சது அது ஒண்ணுதான். வெளியில போர்டைப் பார்த்தியா? அதுல என்னன்னு எழுதட்டும்? ‘முன்னாள் சாம்பியன்’னா?”

“நீ நல்லாத்தான் ஆடினே. தப்பு என்னோடது.”

“உன் தப்புக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?”

அக்கா தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். எனக்கு இரண்டு பேரைப் பார்த்தும் பாவமாக இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதமாக அக்காவும் தம்பியும் பேசவில்லை. அக்கா குழுவிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார்: போட்டி முடிந்த மறுநாள் புத்தகம் அச்சுக்குப் போகிறது, அதற்குள் மூன்றாவது கையெழுத்து வராவிட்டால் திருத்தம் செல்லாது, பொய் என்று தெரிந்த பெயரைத் தாம் எழுத மாட்டார், எனவே ஒன்பதாம் ஆண்டு, ஐம்பத்தேழு கிலோ, அந்த இடம் காலி. யார் கேட்டாலும் காரணத்தைத் தம் வாயாலேயே சொல்வார். “வெல்டருக்கும் இல்லாம, தம்பிக்கும் இல்லாம, இது என்ன நியாயம்?” என்று தலைவர் கத்தினார். “விதின்னா எனக்கும் சேர்த்துத்தான்” என்றார் அக்கா. பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

இன்று மூன்றாம் நாள். இன்னும் ஐந்து நிமிடத்தில் ஐம்பத்தேழு கிலோ இறுதி. மேசைக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மேசையில் இந்த ஆண்டுத் தாளுக்குப் பக்கத்தில், பழுப்பேறிய அந்த ஒன்பதாம் ஆண்டுத் தாளும் மூன்று நாளாக மூக்குக் கண்ணாடிக் கூட்டின் கீழ் இருக்கிறது. தம்பியின் பெயர்மேல் ஒரு கோடு, பக்கத்தில் வெல்டரின் பெயர், இரண்டு கையெழுத்து, கொஞ்சம் வெற்றிடம். அக்கா வாசல் பக்கம் மட்டும் அடிக்கடி பார்க்கிறார். தம்பி எந்த ஆண்டும் ஐம்பத்தேழு கிலோ இறுதியைத் தவறவிட்டதில்லையாம்.

வந்தார். முதுகில் ‘சாம்பியன்’ என்று அச்சடித்த கடைச் சட்டையோடு, நேராக மேசைக்கு. எங்களைத் தாண்டிக் காலரியைப் பார்த்தார். வெல்டர் ஒரு காலில் மண்டியிட்டுப் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் கை நின்றது.

“அவன் போட்டுட்டானா?” என்றார் தம்பி.

“போட்டாச்சு.”

“என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லலை.” அக்கா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவங்கப்பா அன்னிக்கு வீடு வரைக்கும் அவன்கிட்டப் பேசவே இல்லையாம்.”

தம்பி என்ன நினைத்தாரோ தெரியாது. கார்க் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியில் சுற்றிய ஏதோ ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். வைத்தபோது உலோகச் சத்தம் கேட்டது. “நம்ம அப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனாரு” என்றார் மெல்ல.

“ஆமாம்டா. நானும் பின்னாடியே வந்தேன்.”

நடுவர் மெத்தைக்குப் போகும் வழியில் இரண்டு கைகளையும் மேசைப் பக்கம் நீட்டிக் காட்டினார். அக்கா நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார். சிவப்பும் நீலமும் மெத்தையில் ஏறிவிட்டார்கள்.

தம்பி கண்ணாடிக் கூட்டை நகர்த்திவிட்டு, பழைய தாளைத் தன் பக்கம் இழுத்தார். கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு குனிந்தார். அவர் எடுத்தது பென்சில். அக்கா அதை அவர் விரல்களிலிருந்து உருவினார். பேனாவின் மூடியைக் கழற்றி, அந்தக் கையில் வைத்தார்.