பதினாறாம் பக்கத்தில் இடமில்லை

அச்சுக் கோர்க்கிறவர்களுக்கு எந்தப் புத்தகமும் புத்தகம் இல்லை; இடம் பத்துமா, பத்தாதா, அவ்வளவுதான். உங்களில் யாராவது அச்சகத்தில் குப்பை கொட்டியிருந்தால் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் ஏதாவது ஒரு கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் குறையைக் கேட்டிருப்பீர்கள். நீங்களும் நம்ம ஆள்தான், மேலே படியுங்கள்.

நான் பத்தாவதில் கணக்கில் பெயிலாகிவிட்டேன். மறுபடி எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை. மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் அச்சகத்தில் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், சர்ச் திருவிழா நோட்டீஸ், இவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு புத்தகம் போட்டோம். 'கூனிமலை நடைவழி.' எழுதியவர் சபாபதி அண்ணன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டூல் ரூம் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தோளில் பை, ஆவடியில் ரயில், அப்புறம் ரெண்டு பஸ், மலை. வழி கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துப்போய் அவர் எழுதிய நாற்பது பக்கம் அது.

அதில் ஒரு வரியை நான் எடுத்துவிட்டேன். பதினாறாம் பக்கம். "இங்குள்ள சுனையில் நல்ல தண்ணீர் உண்டு" என்பதற்கு அடுத்த வரி. "சித்திரை, வைகாசியில் சுனை காய்ந்துவிடும்." அண்ணன் புரூப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு ஒரு செருப்புக் கடை விளம்பரத்தின் பிளாக், அதாவது படம் பதித்த அச்சுக் கட்டை, வந்தது. பக்கத்தின் அடியில் வைக்க வேண்டும். சொன்ன அளவைவிட ஒரு வரி உயரம் கூட. அடுத்த பக்கம் ஏற்கெனவே மெஷினில் ஓடி முடிந்துவிட்டது, அங்கே தள்ளவும் முடியாது. முதலாளி வெளியே போயிருந்தார். மெஷின்மேன் "இன்னாம்மா, ஆச்சா இல்லியா?" என்று கத்திக்கொண்டிருந்தார். கடைசி வரியைத் தூக்கினேன். பிளாக் அழகாக உட்கார்ந்தது. நம் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த சித்திரையில் பட்டாபிராமைச் சேர்ந்த பிரான்சிஸ், இருபத்திரண்டு வயது, ஒரே ஒரு பாட்டில் தண்ணீரோடு தனியாக மலை ஏறினார். ரெண்டு நாள் கழித்து, காய்ந்துபோன சுனைக்குப் பக்கத்தில் உடலைக் கண்டெடுத்தார்கள். சட்டைப் பையில் எங்கள் புத்தகம். பதினாறாம் பக்கம் மடித்திருந்தது.

அதற்குப் பிறகுதான் திருத்திய பதிப்பு போடுவது என்று முடிவாயிற்று. மலை ஏறுகிறவர்கள் என்ன சேர்க்கவேண்டும் என்று அச்சகத்தில் வந்து சொல்லலாம் என டீக்கடைகளில் நோட்டீஸ் ஒட்டினோம். அந்த நோட்டீஸைக் கோர்த்ததும் நான்தான். வருகிறவர்கள் சொல்வதைக் கோடு போட்ட நோட்டில் எழுதும் வேலையும் எனக்கே வந்தது.

குரங்கு

முதலில் வந்தது எஸ்டேட் பையன்கள் நாலு பேர். வரும்போதே கோபம். புத்தகத்தில் மூலிகைக்கு ஒரு பக்கம், கல்வெட்டுக்கு அரைப் பக்கம், குரங்கைப் பற்றி ஒரு எழுத்து இல்லையாம். ஏறத் தொடங்கியதும் வருகிற மொட்டைப் பாறையில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தது வரைக்கும்தான் ஞாபகமாம். ஒருத்தனுடைய மூக்குக் கண்ணாடியும் போய், அவனைக் கையைப் பிடித்து மலையிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்கு என் மேலேயே எரிச்சல். 'குரங்குகள் ஜாக்கிரதை' என்று எழுதினேன். கண்ணாடி போனவன் நோட்டை மூக்குக்கிட்ட இழுத்துப் படித்துவிட்டுச் சொன்னான்: "நாங்க ஜாக்கிரதையாத்தான் இருந்தோம் சிஸ்டர். ஒரு ஆளுக்கு மூணு கொரங்கு வரும்னு கரெக்டா போடு."

யாருடைய கால் மணி?

ஆவடியிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல கனத்த உடம்பு. எங்கள் அச்சகத்து மூணு படி ஏறுவதற்கே நடுவில் ஒருமுறை நின்றார். அடிவாரத்திலிருந்து மொட்டைப் பாறைக்குக் கால் மணி நேரம் என்று புத்தகத்தில் இருக்கிறது. அவருக்கு ஒன்றேகால் மணி ஆகியிருக்கிறது. கீழே காத்திருந்த அவர் மனைவி, ஆள் எங்கேயோ விழுந்துவிட்டார் என்று அழுது ஊரையே கூட்டிவிட்டாராம்.

"எழுதினவரு வேகமா நடப்பாருங்க" என்றேன். அது அவருக்கு இன்னும் கோபமாகிவிட்டது. மேசையைத் தட்டிக் கேட்டார்: "ஆட்டுக்குட்டி நடக்கிற கால் மணிய என்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? தொப்ப கீறவனுக்கு எம்மா நேரம்னு ஒரு வரி சேத்துப் போட்டா இன்னா, உன் புக்குல எடமா பத்தாது?"

மறைவிடம்

ஆஸ்பத்திரி நர்ஸுகள் ஆறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒரு அக்கா வந்தார். கவுண்டரில் ஆம்பிளைகள் போகும் வரைக்கும் காலண்டர் பார்ப்பது போல நின்றிருந்தார். அப்புறம் கேட்டார், ஆறு மணி நேரம் நடக்கிற வழியில் பெண்கள் ஒதுங்க எங்கே இடம் என்று புத்தகத்தில் எங்கே போட்டிருக்கிறது? இல்லை. அதற்குப் பயந்து காலையிலிருந்து ஒருத்தரும் தண்ணீர் குடிக்காமல் நடந்து, ரெண்டு பேர் மயங்கி விழுந்திருக்கிறார்கள்.

நாற்பது பக்கத்தையும் கோர்த்தவள் நான். பொம்பளைதான். எனக்குத் தோன்றவே இல்லை. அந்த அக்கா திட்டவில்லை, என் நோட்டில் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆம்பள எழுதின புக்கு. அவங்களுக்கு மலை பூரா மறைவிடம்தானே."

இருபத்திமூணாம் பக்கத்துப் பாறை

எல்லோரும் சேர்க்கச் சொல்லி வந்தார்கள். ஒருத்தர் மட்டும் எடுக்கச் சொல்லி வந்தார். இருபத்திமூணாம் பக்கத்தில் 'நிழலான, அமைதியான இடம்' என்று போட்டிருக்கும் குகைப் பாறையை எடுக்க வேண்டுமாம். அவரும் அவர் விரும்பிய பெண்ணும் அங்கேதான் போய் உட்காருவார்களாம். புத்தகம் வந்த மாதம் அந்தப் பெண்ணின் காலனிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே நேராக அங்கே வந்து நின்றிருக்கிறார். கையில் புத்தகம். அடுத்த முகூர்த்தத்தில் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இப்ப எடுத்து இன்னா ஆவப்போவுது?" என்று கேட்டுவிட்டேன். அவர் கர்சீப்பை எடுத்தார், துடைக்கவில்லை, மறுபடி மடித்து உள்ளே வைத்தார். "அடுத்தவனாச்சும் தப்பிக்கட்டுமே சிஸ்டர்."

கைப்பிரதி

சபாபதி அண்ணன் ஷிஃப்ட் முடிந்ததும் அச்சகத்துக்கு வருவார். அன்றைக்கு யார் யார் என்ன சொன்னார்கள் என்று நோட்டைப் படிப்பார். நான் பக்கத்துக் கடையில் டீ வாங்கி வந்து வைப்பேன். பழைய அண்ணனாக இருந்தால் குரங்கு வரியைப் படித்து மெஷின் சத்தத்தைத் தாண்டிச் சிரித்திருப்பார். இப்போது மலைக்குப் போவதையே விட்டிருந்தார். டீ ஆறி ஆடை கட்டிவிடும், அப்புறம்தான் எடுப்பார்.

ஒரு நாள் தன் கைப்பிரதியைக் கேட்டார். வேலை முடிந்த கைப்பிரதியை நாங்கள் மண்ணெண்ணெய் தொட்டு ஈய எழுத்துகளைத் துடைக்க எடுத்துக்கொள்வோம். அவருடையதும் அப்படித்தான் போயிருந்தது. அதைச் சொன்னேன். புரூப்? அதுவும் அப்படித்தான். அதையும் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. நோட்டில் பதினாறாம் பக்கத்துக்கு நேராக, 'சுனையையே எடுத்துவிடவும்' என்று அவரே எழுதினார். நான் தலையை ஆட்டினேன். என் லட்சணம் அவ்வளவுதான். எழுந்து போகும்போது சொன்னார்: "எழுதின மாதிரிதாம்மா ஞாபகம். ஆனா கற்பூரம் ஏத்தி சத்தியம் பண்ணுன்னா பண்ண முடியல. என் கைதான் உட்டிருக்கும்."

பட்டாபிராம் அக்கா

ஆவணி கடைசியில் பிரான்சிஸின் அக்கா வந்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. பஸ் எங்கே நிற்கும் என்பதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ரெண்டு பேருக்குப் பின்னால் பொறுமையாக நின்றிருந்தார். முறை வந்ததும் புத்தகத்தை மேசையில் வைத்தார். பதினாறாம் பக்கம் மடித்திருந்தது. அப்போதுதான் தெரிந்தது.

"திருத்தம் உன்கிட்டத்தான் சொல்லணுமாம்மா? சுனைய எடுக்கப்போறதா புக்கு எழுதின அந்தாளு சொன்னாரு. எடுக்காத. நீ எடுத்துட்டா, அங்க தண்ணி கீதுன்னு எவனாவது வாயால சொல்லுவான், இன்னொருத்தன் நம்பிப் போவான். சுனை கீது, வெயில் காலத்துல தண்ணி கெடையாது. அப்படிப் போடு" என்றார். பிறகு, "அந்தாளு ரெண்டு தபா வந்துட்டாரு. எங்கம்மா கால்ல உய்ந்தாரு. அம்மா கால இய்த்துக்கினாங்க. பாத்தா பாவமாத்தான் கீது. ஆனா எழுதாம உட்டுட்டாரே" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அவரு எழுதியிருந்தாருக்கா. நான்தான் எடுத்தேன்" என்றேன். பிளாக், மெஷின்மேன், எல்லாவற்றையும் சொன்னேன். அறைவார் என்று நினைத்தேன். அவர் அந்தச் செருப்புக் கடை விளம்பரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எந்த வரி? காட்டு" என்றார். காட்ட எங்கேயும் இல்லை. எழுத்துப் பெட்டிகளுக்கு முன்னால் போய் நின்று அந்த வரியை மறுபடி கோர்த்தேன். சித்திரை, வைகாசியில் சுனை காய்ந்துவிடும். அரை நிமிஷ வேலை. கலையாமல் நூலைச் சுற்றிக் கட்டி அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஒரு விரல் நீளத்துக்கு ஈயம். கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தார், எடை பார்ப்பது போல. விரலில் மை ஒட்டிக்கொண்டது. "இம்மாந்தானா?" என்றார்.

டீ

முதலாளிக்கு உள்ளே இருந்தபடியே எல்லாம் கேட்டிருக்கிறது. "தெரியாம நடந்தது தெரியாமலே போகட்டும் ஸ்டெல்லா, அந்தாளுகிட்ட வேற சொல்லித் தொலைக்காத" என்றார். தெரியாமல் நடக்கவில்லை. தெரிந்துதான் எடுத்தேன். ஒரு வரி என்ன செய்யும் என்பதுதான் தெரியாது.

சாயங்காலம் அண்ணன் வந்தார். வழக்கம்போல டீயை வைத்தேன். நோட்டைத் திறக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். அழுதுகொண்டு சொல்லவில்லை, அழுதால் அவர் எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார் என்று பயம். அவர் முதலில் கேட்டது, "அப்ப நான் எழுதியிருந்தேன்ல?" என்பதுதான். ஆமாம் என்றேன். இன்னொரு முறை கேட்டார். ஆமாம் என்றேன். முகத்திலிருந்து ஒரு நிமிஷம் ஏதோ பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அந்த அக்கா அறைந்திருந்தாலே தேவலை. டீயைத் தொடாமல் என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"அஞ்சு மாசம்மா. தெனம் டீ வாங்கிக் குடுத்துக்கினு, என் மூஞ்சியப் பாத்துக்கினே இருந்தியே."

திருத்திய பதிப்பில் குரங்கு இருக்கிறது, மறைவிடம் இருக்கிறது, தொப்பைக்காரருடைய ஒன்றேகால் மணி இருக்கிறது, சுனை காய்ந்துவிடும் என்ற வரியும் தடித்த எழுத்தில் இருக்கிறது. நான் கொண்டுபோன புரூபில் சபாபதி அண்ணன் பதினாறாம் பக்கத்தை ரெண்டு முறை விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், செருப்புக் கடைக்காரர் விளம்பரம் வேண்டாம் என்றுவிட்டார், ஆகவே பதினாறாம் பக்கத்தில் இப்போது ஏழு வரிக்கு இடம் சும்மா கிடக்கிறது.